கொதிக்கும் எம்.ஜி.பி.யும் கோண்டாவில் ரேடியேற்றர் பட்டறையும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, அது யாழ்ப்பாண வெயிலில் கொதிக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், இங்கிலாந்தில் இருந்து சாமான் எடுப்பிக்க முதல் காரோடு ஒருக்கால் கோண்டாவிலுக்குப் போங்கள். பலாலி வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் சின்னப் பட்டறை. பெயர்ப்பலகை இல்லை. நடத்துகிற ஐயாவும் தன் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார், இருக்கிற வேலையே காணும் என்கிறார். அதனால் பெயர் இல்லாமலேதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் எந்த ஓட்டோக்காரரிடமும் ரேடியேற்றர் ஐயா என்று கேட்டால் காட்டுவார்கள்.

என்னுடையது 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி., திறந்த கார். மாமா கொழும்பில் வாங்கி ஓடி, பிறகு என் கைக்கு வந்தது. 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்.யூ. காபரேற்றர், மின்சாரம் தர ஓல்ற்றனேற்றர் இல்லாமல் பழைய லூக்காஸ் டைனமோ, பற்றரியின் பொசிற்றிவ் பக்கம் பொடியில் பூட்டியது. யாழ்ப்பாணத்தில் இந்தக் காரைக் கண்டால் சனம் நின்று பார்க்கும். ஆனால் பொனற்றைத் திறந்தால் எங்கள் ஊர் பழைய மெக்கானிக்மாருக்கு உள்ளே இருப்பது நல்ல பழக்கமான ஆள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ 55, ஏ 60, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் இருப்பது இதே பி சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான். கேம்பிரிட்ஜில் 1489, 1622 சிசி, எம்.ஜி.பி.யில் 1798. இந்தியாவின் அம்பாசிடரில் கனகாலம் ஓடியதும் அதே 1489 சிசி எஞ்சின். மினுங்குகிற பொடியைப் பார்த்துப் பயந்து எட்ட நிற்கிற இளம் மெக்கானிக்கை விட, வாழ்நாள் முழுக்க ஏ 60 வாடகைக் கார்களைத் திருத்திய ஒருவரிடம் இதைக் கொடுப்பது எவ்வளவோ திறம்.

பட்டறைக்குள் போக முதல் என்ன வருத்தம் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் கொதிக்கிற கார் எல்லாம் ஒரே காரணத்தால் கொதிப்பதில்லை. கஸ்தூரியார் வீதி நெரிசலில் என் காரின் முள் கொஞ்சம் ஏறும், ஆனால் பயப்படும்படி இல்லை. ஏ 9 வீதியில் சாவகச்சேரி தாண்டி, கொடிகாமம் தாண்டி, 80 கிலோமீற்றர் வேகத்தில் நிற்காமல் ஓடினால்தான் முள் மெல்ல மெல்ல மேலே போகும், பளைக்குக் கிட்ட வரும்போது வலது கரையைத் தொடப் பார்க்கும். இந்த வித்தியாசம் மிக முக்கியம். டவுனில் நின்று நின்று ஓடும்போது மட்டும் கொதித்து, வெளி வீதியில் காற்றுப் பட்டதும் ஆறுகிற கார் என்றால் காற்றாடியில், காற்று வருகிற வழியில் பிழை தேடவேண்டும். வேகமாக ஓட ஓடக் கொதிக்கிறது என்றால் காற்றாடியைச் சந்தேகிக்கவே தேவையில்லை, அந்த வேகத்தில் முன்னால் அடிக்கிற காற்றே போதும். அப்போது பிழை ரேடியேற்றருக்குள்ளே, தண்ணீர் ஓட்டத்திலே, அல்லது ரைமிங்கிலே, அதாவது எஞ்சினுக்குள் பொறி விழுகிற நேரத்திலே இருக்கிறது.

இதைக் கேட்டுப் பார்க்காமலே மின் ஃபான் பூட்டி அனுப்புகிற கராஜுகள் நிறைய. மாமாவின் காலத்தில் வேறு ஊரில் ஓரிடத்தில் இந்தக் காருக்கும் அப்படித்தான் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு பிழை. முதலாவது, பழைய டைனமோ முழு வேகத்தில் சுத்தினாலே 22 அம்பியர்தான் தரும், காரை நிறுத்தி எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே தராது, ஃபான் தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில்தான், ஆகவே அது பற்றரியை உறிஞ்சித்தான் ஓடும். இரண்டாவதுதான் பெரிய பிழை. பொசிற்றிவ் பொடியில் பூட்டிய கார் என்பதைப் பார்க்காமல் வழக்கம்போல வயரைக் கொடுத்ததால் ஃபான் மறுபக்கமாகச் சுத்தியது. காற்றை உள்ளே இழுக்காமல், முன்னால் வருகிற காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐயா இதைக் கண்டுபிடித்தது ஒரு கடதாசித் துண்டால். கிறிலுக்கு முன்னால் பிடித்தார், ஒட்டவேண்டிய கடதாசி பறந்து என் காலடியில் விழுந்தது. 1967க்குப் பிறகு வந்த எம்.ஜி.பி.களில் ஓல்ற்றனேற்றரும் நெகற்றிவ் பொடியும் இருப்பதால் அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கொம்பனியே 1976இன் கடைசியில் ரேடியேற்றரை முன்னால் நகர்த்தி மின் ஃபான் வைத்துத்தான் விற்றது. அதற்கு முந்திய கார் வைத்திருப்பவர்கள் ஃபான் பூட்ட ஆசைப்பட்டால் முதலில் டைனமோவைப் பற்றி யோசியுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கேம்பிரிட்ஜ் கார்களுக்கு இவர்தான் ரேடியேற்றர் பார்த்தவர். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டவைக்கும், கண்டபடி சூடேற்றும். அந்தச் சூட்டைத் தாங்கப்பண்ணி, வருத்தக்காரரையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார்களை ஓடவைத்த கைகள் இவை. இதைப் பெருமையாக அவர் சொல்லவில்லை, ரைமிங் பற்றிக் கதைக்கும்போது இடையில் வந்த கதை. நான்தான் இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இப்படியான ஆட்கள் இனிக் கன பேர் இல்லை.

நான் முதலில் காரோடு போனேன், ரேடியேற்றரைக் கழற்றவில்லை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, ரேடியேற்றரின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடங்களில் வைத்தார். நடுவில் கை வைக்க முடியாத சூடு, இடது பக்கம் கீழ்ப்பாதி பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர். "பாத்தீங்களோ தம்பி, இந்தப் பக்கம் தண்ணி போகேல்லை. இதுக்குள்ள மூண்டில ஒரு பங்கு செத்துப்போச்சு. நீங்கள் எத்தினை ஃபான் பூட்டினாலும் செத்த இடத்துக்குக் காத்தடிச்சு என்ன பிரயோசனம்?" சோதனை முடிந்தது. ஒரு சதமும் வாங்கவில்லை. கழற்றிக்கொண்டு வாருங்கோ என்று அனுப்பிவிட்டார். எம்.ஜி.பி.யில் ரேடியேற்றரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை, தண்ணீரை வடித்து, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கழற்றி, பக்கத்துப் போல்ற்றுகளை எடுத்தால் அதைத் தாங்குகிற தகட்டோடு மேலே வந்துவிடும்.

அடுத்த முறை அவர் மேல் தாங்கியின் ஈயத்தை உருக்கி மூடியைத் தூக்கியபோதுதான் உண்மையான பிழை தெரிந்தது. செப்புக் குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாகத் தெரியவேண்டிய இடத்தில், வெள்ளையும் மஞ்சளும் கலந்த கல் படிந்திருந்தது. சில வாய்கள் திறந்திருந்தன, சிலவற்றில் ஊசிகூடப் போகாது. ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு இடத்தைச் சுரண்டி உள்ளங்கையில் போட்டுக் காட்டினார், சுண்ணாம்புப் பொருக்கு. தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் நாங்கள் மாதத்துக்கு ஒருக்கால் உரஞ்சி எடுக்கிற அதே சாமான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டுதான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. குடிக்க ருசியான தண்ணீராக இருந்தாலும் ரேடியேற்றருக்கு அது நஞ்சு. தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த கல்சியம் திரும்பக் கல்லாகி, எங்கே சூடு கூடவோ அங்கே போய் ஒட்டும். எஞ்சினில் சூடு கூடிய இடம் சிலிண்டர் ஹெட்டும் சிலிண்டர் சுவரும். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் படிந்தாலே இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வை போட்ட மாதிரி. பழைய கார் கொஞ்சம் ஒழுகும், ஒழுக ஒழுக நாங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவோம், ஊற்றுகிற ஒவ்வொரு போத்தலோடும் புதுச் சுண்ணாம்பு உள்ளே போகும். உப்புத் தன்மை கூடிய கரையோரக் கிணறுகள் என்றால் சொல்லத் தேவையில்லை, சுண்ணாம்போடு துருவும் சேரும்.

இந்த விளக்கத்துக்கே ஐயாவுக்கு நான் காசு கொடுத்திருப்பேன். இங்கிலாந்துக்காரர் எழுதுகிற எம்.ஜி.பி. குறிப்புகளில் பனிக்காலத்தில் தண்ணீர் உறைவதைப் பற்றித்தான் முதலில் இருக்கும். எங்களுடைய முதல் எதிரி கிணறு.

வேலையில் இரண்டு தெரிவு தந்தார். குழாய்களுக்குள் மெல்லிய பித்தளைப் பட்டியை விட்டுக் குத்தித் துப்பரவாக்குவது ஒன்று, உள்ளே இருக்கிற கோரையே, அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியையே மாற்றுவது மற்றது. குத்துவது மலிவு, ஒரே நாளில் முடியும். ஆனால் என் ரேடியேற்றரில் குழாய்களுக்கு இடையில் உள்ள செப்புத் தகடுகள் விரலால் தொட்டாலே உதிர்ந்தன. தகடு குழாயோடு ஒட்டி இல்லை என்றால் உள்ளே எவ்வளவு துப்பரவாக இருந்தாலும் சூடு காற்றுக்குப் போகாது. அதனால் கோரை மாற்றச் சொன்னேன். பழைய பித்தளைத் தாங்கிகள் இரண்டும், பக்கச் சட்டங்களும் அப்படியே இருக்க, நடுவில் மூன்று வரிசைப் புதுக் கோர். வெளியில் இருந்து பார்த்தால் 1965இல் கொம்பனி போட்டதுதான் இருக்கிறது. பழைய காரை அதன் தோற்றத்தோடு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய விசயம்.

ஈயம் பிடிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பித்தளையை அசிட்டால் துடைத்து மஞ்சள் பளபளப்பு வந்த பிறகுதான் சுடரைக் கிட்டக் கொண்டுபோனார். ஈயத் தண்டு விளிம்பைத் தொட்டதும் தானாக ஓடி மூலைக்குள் புகுந்து வெள்ளிக்கோடு மாதிரி நின்றது, திரும்ப ஒரு தடவைகூட அந்த இடத்துக்குச் சுடரைக் காட்டவில்லை. முடிந்த பிறகு எல்லா வாயையும் அடைத்து, காற்று ஏற்றி, சீமெந்துத் தொட்டியில் அமுக்கினார். கீழ் மூலையில் மூக்குத்தி அளவு குமிழி ஒன்று நின்று நின்று வந்தது. வேறு ஆள் என்றால் அதை விட்டிருப்பார். இவர் வெளியே எடுத்து, காயவைத்து, அந்த மூலையைத் திரும்ப உருக்கிப் பிடித்து, மறுபடியும் அமுக்கினார். பிறகு குமிழி இல்லை.

இனி இந்தப் பட்டறையில் எனக்குப் பிடிக்காதவை. சொன்ன நாளுக்கு வேலை முடியாது. கோர் கொழும்பில் இருந்து வரவேண்டும், அது வந்தால்தான் உண்டு, வந்ததா இல்லையா என்று அறிய நேரே போகத்தான் வேண்டும், போன் எடுக்கமாட்டார். பில் தரமாட்டார். கறுப்புப் பெயின்ற்றை அவருடைய உதவியாள் தம்பி அள்ளிப் பூசுகிறார், இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லித் தடுங்கள். ரேடியேற்றருக்கு மெல்லிய கறுப்புப் பூச்சு ஒன்று போதும், தடிப்பாகப் பூசினால் தகடுகளுக்கு இடையில் பெயின்ற் அடைத்து, பட்ட பாடெல்லாம் பாதி வீண். என்னுடையதில் ஒரு மூலை அப்படி அடைபட்டு, தின்னர் போட்டுத் துடைக்கவேண்டி வந்தது. மற்றது, அவர் ரேடியேற்றர் மட்டும்தான் செய்வார். வோட்டர் பம்ப், தேர்மோஸ்ரற் (குறித்த சூட்டில் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிற வால்வு), ரைமிங் எல்லாம் வேறு இடம் பார்க்கவேண்டும், ஆனால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார். விலை, அலுமினியம் ரேடியேற்றர் ஒன்றை வெளிநாட்டில் இருந்து வரி கட்டி எடுப்பதோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு.

அலுமினியம் பற்றிக் கேட்பீர்கள். அலுமினியம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செப்பு சூட்டை நன்றாகக் கடத்தும், அலுமினியத்தை விடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல், ஆனால் அலுமினியத்தில் அகலமான குழாய் வைக்கலாம் என்பதால் நல்ல அலுமினிய ரேடியேற்றர் செப்புக்குக் குறைவாக வேலை செய்யாது, பாரமும் குறைவு. பிரச்சினை வெடித்தால்தான். செப்பு, பித்தளை என்றால் யாழ்ப்பாணத்தில் ஈயம் வைக்கத் தெரிந்த எவரும் அன்றைக்கே அடைத்துத் தருவார். அலுமினியம் ஒழுகினால் அதை ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடி அலையவேண்டும். மற்றது, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதுவும் அடைபடத்தான் போகிறது.

ஐயா கட்டாயப்படுத்திச் சொன்ன முதல் காரியம், புது ரேடியேற்றரைப் பூட்ட முதல் எஞ்சினைக் கழுவு. பட்டறையில் மட்டும் வேலை செய்துவிட்டு நேரே பூட்டினால், பிளொக்குக்குள் இருக்கிற துரு, சேறு எல்லாம் ஓடிவந்து புதுக் கோரின் வாய்களை அடைக்கும். இந்த எஞ்சினில் வலது பக்கம் பின்னால் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. கனபேர் அதைத் திறந்ததே இல்லை, அல்லது திறந்து ஒன்றும் வராததால் தண்ணீர் இல்லை என்று நினைத்து மூடிவிடுவார்கள். என்னுடையதிலும் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் குடைந்த பிறகு முதலில் கோப்பி நிறத்தில் களி வந்தது, பிறகு தண்ணீர். பின்பக்கத்துச் சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு கூடுதலாகத் தங்கும், நாலாவது சிலிண்டர் மட்டும் சூட்டில் கிடந்து சாவதற்கு இதுதான் காரணம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது. தண்ணீரோடு அசையாமல் நிற்கிற இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். சிற்றிக் அசிட் கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, வடித்து, பிறகு நல்ல தண்ணீரால் தெளிவாக வரும்வரை பின்புறமாகக் கழுவுவது போதும். அசிட்டை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். மெலிந்த ஈய ஒட்டும் துளைவிழக் காத்திருக்கும் வெல்ஷ் பிளக்கும் (எஞ்சின் பிளொக்கின் துவாரங்களை அடைக்கிற தகட்டு மூடி) அதைத் தாங்காது.

தேர்மோஸ்ரற் பற்றி எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. கொதித்தால் முதலில் அதைக் கழற்றி எறிவது. ஐயா இதை எதிர்க்கிறார், நானும் அவரோடுதான். அடைபட்ட ரேடியேற்றரைத் தேர்மோஸ்ரற் இல்லாமல் விட்டால் அடைப்பு அடைப்பாகவே இருக்கும். நல்ல ரேடியேற்றரில் அது இல்லாமல் விட்டால் விடியக்காலையில் எஞ்சின் சூடேறவே மாட்டாது, ஒயில் கெட்டுச் சேறாகும், சிலிண்டர் கெதியாகத் தேயும். இந்தக் காருக்கு வழமையானது 82 பாகையில் திறக்கிறது. வெப்ப நாடுகளுக்கு என்று 74 பாகையில் திறக்கிறதும் இருக்கிறது. நான் போட்டிருப்பது 74. அது கூடிய சூட்டைக் குறைக்காது, கொஞ்சம் முன்னதாகத் திறந்து ஏற இடம் தரும், அவ்வளவுதான். போட முதல் ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து, எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று பாருங்கள். புதுப் பெட்டிக்குள் இருந்து வந்ததே திறக்காமல் கிடந்த கதைகள் இருக்கின்றன.

ரேடியேற்றர் மூடியும் அப்படித்தான். சின்னச் சாமான், யாரும் கணக்கெடுப்பதில்லை. வெறும் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும், 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கிற மூடி போட்டால் கிட்டத்தட்ட 111 பாகை, 10 இறாத்தல் என்றால் 115 வரை தாங்கும். ரப்பர் வளையம் செத்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, நூறிலேயே பொங்கிவிடும். அதற்காக உங்கள் காருக்குக் குறித்ததைவிடக் கூடிய அழுத்த மூடியைப் போட்டு விளையாடாதீர்கள், பழைய ஹோஸும் ஹீற்றரும் வெடிக்கும். கீழ் ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம், மென்மையாகிப் போனால் வேகத்தில் உள்ளுக்குச் சப்பிக்கொள்ளும், தண்ணீர் வராது, நின்று பொனற்றைத் திறக்கும்போது பழையபடி நேராக நிற்கும், நீங்கள் பிழை இல்லை என்று நினைப்பீர்கள்.

ரைமிங் விசயம் இன்னும் கூடுதலாக எழுதவேண்டியது. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 8.8க்கு 1, நல்ல ஒக்ரேன் பெற்றோலுக்குச் செய்தது. இங்கே 92 அடித்தால் ஏற்றத்திலோ ஆள் பாரத்திலோ டக டக என்று தட்டும். தட்டுகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி ரைமிங்கைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள். தட்டல் நிற்கும், கொதி தொடங்கும். பொறி பிந்தி விழுந்தால் எரிகிற வாயு வேலை செய்து முடிக்காமலே வெளியேறும், அந்தச் சூடு முழுவதும் வால்வுக்கும் ஹெட்டுக்கும் போய், தண்ணீரில் ஏறும். ரேடியேற்றர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டவேண்டியதுதான். ஆகவே 95 அடியுங்கள், ரைமிங்கை லைற் பிடித்துச் சரியாக வையுங்கள், டிஸ்ரிபியூற்றரின் வக்கூம் வேலை செய்கிறதா என்று குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், காற்று நிற்காமல் வந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கிறது. ஐயா சொன்ன வசனம்: "தம்பி, என்ர கடைக்கு வாற காருகளில அரைவாசிக்கு ரேடியேற்றர் வருத்தமே இல்லை. ரைமிங் வருத்தம்." தன் கடைக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற ஆள் என்பதால்தான் அவரை இவ்வளவு நம்புகிறேன்.

தண்ணீருக்கு வருவோம். இப்போது கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் இல்லை. பற்றரித் தண்ணீர் வாங்கி ஊற்றலாம், ஊரெல்லாம் விற்கிற ஆர்.ஓ. தண்ணீரும் கிணற்றை விட எவ்வளவோ மேல். மாரியில் ஓட்டுக் கூரையில் முதல் மழை கழுவிப் போன பிறகு பிடித்து வைக்கிற மழைத்தண்ணீரை ஐயா சிபாரிசு செய்கிறார், அதில் சுண்ணாம்பு இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் (ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கிற திரவம்), மீதி தண்ணீர். எங்களுக்கு உறைகிற பிரச்சினை இல்லாததால் பாதிக்குப் பாதி தேவையில்லை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கூலன்ற்றை விடக் கெட்டிக்காரன். கூலன்ற் வேண்டியது துருவுக்கும் பம்ப்புக்கும். அது இல்லாமல் விடவும் கூடாது. நிரப்பும்போது காரின் மூக்கை ஏற்றமான இடத்தில் உயர்த்தி நிறுத்தி, ஹீற்றர் வால்வைத் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே சிக்கி, நிரம்பிய மாதிரிக் காட்டும். யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் எதற்கு என்று அதைக் கழற்றி அடைத்துவிட்டவர்கள் பலர். வைத்திருங்கள். வழியில் முள் ஏறினால் ஹீற்றரை முழுதாகத் திறந்தால் அது இன்னொரு குட்டி ரேடியேற்றராக வேலை செய்யும். கால் வேகும், எஞ்சின் தப்பும்.

காற்று விசயத்தில் செய்தது சின்ன வேலைதான். ரேடியேற்றரைத் தாங்குகிற தகட்டுக்கும் பொனற்றுக்கும் நடுவில் இருந்த பழைய ஸ்பொஞ்சுப் பட்டி செத்துப்போய், முன்னால் வருகிற காற்று கோருக்குள் போகாமல் மேலாலும் பக்கத்தாலும் நழுவிப் போனது. மெத்தைக் கடையில் நறுக்கிய ஸ்பொஞ்சு வாங்கி ஒட்டினேன். கிறிலுக்கு முன்னால் மாமா ஆசையாகப் பூட்டிய இரண்டு பெரிய லைற்றுகளையும் பக்கத்துக்கு நகர்த்தினேன். மறுபக்கம் சுத்திய மின் ஃபானைக் கழற்றியாயிற்று.

இப்போது எப்படி என்றால், சித்திரை வெயிலில், மதியம், ஆனையிறவு வரை நிற்காமல் ஓடினேன். உப்பளக் காற்று குறுக்காக அடிக்க, 80இலும் கொஞ்சம் கூடவும் போனேன். முள் நடுவில் ஏறி நின்றது, அசையவில்லை. நிறுத்தி, சூடு பார்க்கிற துவக்கை தேர்மோஸ்ரற் கூட்டில் பிடித்தால் 84, 85 பாகை. பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் குடும்பத்தோடு போய்வரப் பயமில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகளை மூடி, இருக்கிற ஒழுங்கைகளுக்குள் எல்லா வாகனமும் ஊரும்போது மட்டும் இன்னும் முள் கொஞ்சம் ஏறுகிறது. அது நான் மேலே சொன்ன காற்றாடிப் பிரச்சினை, என் காரில் பழைய மூன்று இதழ்க் காற்றாடிதான் இருக்கிறது. பின்னால் வந்த எம்.ஜி.பி.களில் உள்ள ஏழு இதழ் பிளாஸ்ரிக் காற்றாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது டைனமோவிடம் ஒன்றும் கேட்காது, பெல்ற்றிலேயே சுத்தும். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிறு பூட்டு. காலை எட்டரைக்குப் பிறகு போங்கள், பின்னேரம் போனால் லொறி ரேடியேற்றர்கள் வரிசையில் நிற்கும். முதல் தடவை காரோடு போய்க் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கழற்றிக் கொண்டுபோங்கள், போகும்போது பழைய மூடியையும் இரண்டு ஹோஸ்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள், அவற்றையும் பார்த்துச் சொல்வார். கோருக்கு முற்பணம் கேட்பார், கொடுக்கலாம். பெயின்ற் விசயத்தை மட்டும் அந்தத் தம்பியிடம் நேரே சொல்லிவிட்டு வாருங்கள்.